சிவப்பாக வந்த கெட்டிமேளம்

ரேடியோ திருத்துகிறவன் கடைக்கு "நான்தான் உடைத்தேன்" என்று சொல்லிக்கொண்டு இதுவரை எவரும் வந்ததில்லை; எல்லாச் சாமானும் வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன்பாட்டில் பழுதாகிக்கொள்கின்றன. என்னைப் போல ஈயம் உருக்கி உருக்கி விரல் நுனி மரத்துப்போனவர்கள் யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன்.

கண்டி நகரத்தில் ஒரு சந்துக்குள் நாற்பது வருடம் கடை வைத்திருந்தேன். வீடு மடவளையில். கலவரத்தில் அடுத்த கடையோடு சேர்ந்து என்னுடைய கடையும் ஒரு தடவை எரிந்தது. சாம்பலுக்குள் கிடந்த வால்வு ரேடியோ ஒன்று மூன்று நாள் விடாமல் மரண அறிவித்தல் வாசித்தது என்று நான் சொன்னால், என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள்தான் வாசித்தது என்பது அவளுடைய கட்சி. ஆகையால் கீழே வருவதையும் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் உண்மை. அதில் கழிக்க ஒன்றுமில்லை.

ஈர்க்கு

யுத்தத்தின் கடைசி வருடங்கள். யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்தது. ஒரு புதன்கிழமை காலை, மழையா பனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று சந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேர் ஒரே குடையில் வந்தார்கள். ஒருவர் தில்லையம்பலம் சேர்; கச்சேரி என்று சொல்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைப் பார்த்த ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். கூட வந்தவர் அவருடைய மனைவி சரசு டீச்சர். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். ஊரில் வீட்டு வளவுக்குள் ஷெல் விழுந்த நாளிலிருந்து ஒரு காது முழுக்க அடைத்துப்போய், மற்றக் காது கதவிடுக்களவுதான் திறந்திருந்தது. கதைப்பவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் விஷயத்தைப் பிடிப்பார். பாட்டை அன்றைக்கே விட்டுவிட்டாராம்.

சேர் ஒரு லெப்டொப்பைத் தேங்காய்ப்பூத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "சொல்லுங்க சேர், இதுக்கு என்ன வருத்தம்?" என்றேன். "படமெல்லாம் வடிவா வருகுது நானா. சத்தம்தான் இல்லை." முஸ்லிம் கடைக்காரன் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். லண்டனில் இருக்கும் ஒரே மகன் குகனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கலியாணம். இவர்கள் இருவருக்கும் விசா இல்லையென்று கடவுச்சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே காலை பத்து மணி முகூர்த்தம், இங்கே பின்னேரம் இரண்டரை. இன்டர்நெட்டில் பார்க்க ஏற்பாடு. அம்மாவுக்குக் கேட்கவேண்டும் என்று, காதுக்குள் இடி இறக்கக்கூடிய ஒரு ஹெட்போனையும் மகன் அனுப்பியிருந்தான். அதைக் குத்தப் போன அன்றுதான் லெப்டொப் ஊமையானது.

திருப்பிப் பார்த்தேன். ஹெட்போன் குத்துகிற ஓட்டைக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம், பனிக்குள் எதிர்மலையில் எரிகிற ஒற்றை விளக்கு மாதிரி. "இதுக்குள்ள எதையாச்சும் குத்தினீங்களா சேர்?" "சீச்சீ. நான் ஏன் குத்துறன்?" டீச்சர் எங்கள் இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்: "குத்தினவர்தான். தூசி கிடக்கெண்டு விளக்குமாத்தில ஈர்க்கொண்டை முறிச்சு, பல்லுக் குத்துற மாதிரிக் குத்தினவர்."

மூன்று எழுத்து

அந்த ஓட்டைக்கு இரண்டு வேலை. சாதாரண ஹெட்போனைக் குத்தினால் சத்தம் கம்பி வழியாகப் போகும். வெளிச்சக் கேபிளைக் குத்தினால் சத்தம் சிவப்பு வெளிச்சமாக மாறிப் போகும். எதைக் குத்தியிருக்கிறது என்று லெப்டொப்புக்குச் சொல்ல உள்ளே ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கிறது. சேருடைய ஈர்க்கு அந்த நாக்கை மடக்கிவிட்டது. தனக்குள் வெளிச்சக் கேபிள் குத்தியிருப்பதாக லெப்டொப் கனாக் கண்டுகொண்டு, இருக்கிற சத்தத்தையெல்லாம் வெளிச்சமாக்கி வெறும் காற்றில் ஊற்றிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் விளக்கச் சோம்பல்பட்டு, "இதுல ஒலி வரல்ல சேர், ஒளிதான் வருது" என்றேன். சேர் நெற்றியைச் சுருக்கினார். "ஒலி வரேல்லை, ஒலிதான் வருகுதோ? என்ன சொல்லுறியள்?" எங்கள் பக்கத்து நாக்குக்கு லகரமெல்லாம் ஒரே லகரம். சேர் விடவில்லை. கச்சேரியில் முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களில் எழுத்துப் பிழை பார்த்தவர். "நாக்கை மடியுங்கோ. அண்ணத்தில முட்டுங்கோ. ஒளி." நான் கவுண்டருக்கு உள்ளே, அவர் வெளியே, இருவரும் வாயைத் திறந்துகொண்டு ஒலி ஒளி, ஒலி ஒளி என்று ஓதிக்கொண்டிருந்தோம். அயர்ன் பண்ணுகிற பெட்டியோடு வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

டீச்சருடைய முகம் வெளிறியது. உதட்டில் பார்த்தால் ஒலியும் ஒளியும் ஒன்று, ஒழியும் அதே. புருஷன் இவ்வளவு தீவிரமாக ஒழி, ஒழி என்று சொல்வதைப் பார்த்து, "கலியாணம் ஒழிஞ்சு போச்செண்டு லண்டனிலயிருந்து ஏதும் செய்தி வந்ததோ?" என்று கேட்டார். சேர் அவசரமாகப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் 'ஒளி' என்று பெரிதாக எழுதி நீட்டினார். டீச்சர் அதை வாசித்து, மூச்சு விட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு வாய் காட்டினதுக்கு முதலே எழுதியிருக்கலாம். உங்கட உதட்டில எல்லாப் பிழையும் சரியாத்தான் தெரியுது."

பொருத்தம்

ஹெட்போன் பெட்டியைத் திறந்தேன். வயர் இல்லாத ஹெட்போன். அது உட்கார ஒரு கறுத்த பீடம். பீடத்தின் முதுகில் ஒரேயொரு சதுர ஓட்டை. சும்மா வயரை அது ஏற்காது; வெளிச்சத்தை மட்டும்தான் வாங்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லெப்டொப்போ வெளிச்சத்தில் மட்டும் பேசுகிறது. இதுவோ வெளிச்சத்தை மட்டும் கேட்கிறது. இதைவிடப் பொருத்தம் எந்தச் சாத்திரியார் பார்ப்பார்? மடங்கிய நாக்கை நிமிர்த்தப் போய் முறித்துவிட்டால் ஞாயிறும் போச்சு, கலியாணமும் போச்சு. பழுதை அப்படியே விடுவது என்று தீர்மானித்தேன்.

ஒரேயொரு தடங்கல். மகன் அனுப்பிய கேபிளுக்கு இரண்டு முனையும் சதுரம். லெப்டொப்பின் ஓட்டை வட்டம். நடுவில் ஒரு சின்னக் குமிழ் வேண்டும். உளுந்தளவு சாமான். அதைத் தேடிக் கண்டி முழுக்க நடந்தேன். வாவிக்கரையில் நின்ற மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கடையிலும் அந்த உளுந்து இல்லை. கொழும்புக்குப் போன் எடுத்தால் இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். கடைசியாக ஒரு மின்சாரக் கடைக்காரரிடம், ஒலி ஒளித் தொல்லை வேண்டாமென்று, "வெளிச்சம் போற வயர் ஈக்கா?" என்று தெளிவாகக் கேட்டேன். மனிதர் உள்ளே போய் வெசாக் பண்டிகைத் தோரணத்துக்குக் கட்டுகிற பல்புச் சரத்தை ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினார். நான் தலையில் கைவைத்ததும் அவருக்கு மனவருத்தம். "வெளிச்சம் போற வயர்தானே கேட்டீங்க? இது ஏழு நெறத்துல போகும்."

பேனைக்குழாய்

கேபிளின் ஒரு முனையை வெட்டினேன். உள்ளே இருந்தது கண்ணாடி போன்ற ஒற்றை நார், சேமியாவைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதன் நுனியைப் மணல் தாளில் தேய்த்து, பற்பசையில் தேய்த்து, கடைசியில் என் சட்டைக் கழுத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பேனைக்குள் இருக்கும் மைக்குழாயைக் கழுவி, நாரை அதற்குள் செருகி, வட்ட ஓட்டைக்கு இறுக்கமாகும்வரை மேலே செலோடேப் சுற்றினேன். குத்தினேன். மற்ற முனையில் சிவப்பு ஒரு பொட்டாக வந்து நின்றது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். லெப்டொப்பில் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுவிட்டு அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவில் வந்தால் தக்காளிச் சிவப்பு. புல்லாங்குழலுக்கு, நனைந்த ரோஜா இதழை வெயிலில் பிடித்த மாதிரி ஒரு சிவப்பு. அழுகிற பாட்டுக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. அந்த முனையைப் பீடத்தில் குத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டும் கேட்டேன்; கேபிளைச் சடாரென மடித்தால் சத்தம் கடுகண்ணாவை மலை வளைவில் லொறி ஏறுகிற மாதிரி முக்கியது. தளர்வாக வளைத்தால் சுகமாகப் போனது. வெள்ளியும் சனியும் இப்படியே போயின. வெளியே சந்தில் யார் வந்தார்கள், எப்போது மழை பெய்து விட்டது என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணீர் ஆறி, அதன் மேல் ஆடை படிந்தது. பக்கத்துத் தையற்கடைச் செல்வராஜ், தலவாக்கலைப் பக்கத்து ஆள், அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி வாசலில் வந்து நின்றார். "நானா, ரெண்டு நாளா அந்த வயரு நுனியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே இருக்கீங்க. நான் யார்கிட்ட சொல்லணும்? வீட்டுலயா, பள்ளிவாசல்லயா?"

பாலத்தடி

அந்த வாரம் பாதைச் சோதனை கடுமையாகிவிட்டது. யாழ்ப்பாண விலாசம் உள்ள அடையாள அட்டையோடு, சிவப்பாக எரிகிற ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் கடக்க சேருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன. நானே கொண்டுவருகிறேன் என்றேன். ஞாயிறு மதியம் மடவளை பஸ்ஸில் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள்.

என் பையைத் திறந்த ஆமிக்காரனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். லெப்டொப்பின் மூடியைத் தூக்கியதும் அது கண்விழித்தது. ஓட்டைக்குள் சிவப்பும் விழித்தது. அவன் அதன் மேல் விரலை வைத்தான். விரல் நுனி சிவந்தது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "பாட்டு, மல்லி" என்றேன்; சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. பாட்டு எங்கே என்றான். "நீங்க விரலால மூடியிருக்கிறதுதான்." இந்த வாயால்தான் நான் சாவேன் என்று மனைவி சொல்வது அப்போது நினைவுக்கு வந்தது. அவனுடைய கை தோளில் தொங்கிய துவக்கின் வாருக்குப் போனது. எனக்குப் பின்னால் நின்ற வரிசை சத்தமில்லாமல் இரண்டு அடி பின்னுக்குப் போனது. மணி ஒன்று பத்து.

காவல் குடிலில் ஒரு சொக்கட் இருந்தது. பீடத்தை அதில் குத்தி, பேனைக்குழாயை ஓட்டையில் விட்டு, ஹெட்போனை அவன் தொப்பிக்கு மேலாக மாட்டி ஒரு சிங்கள பைலாப் பாட்டைப் போட்டேன். அவனுடைய கண்கள் மெதுவாக மூடின. நான் குழாயைப் பிடுங்கினேன், கண்கள் திறந்தன. திரும்பக் குத்தினேன், மூடின. பாலத்துக்குக் கீழே மகாவலி போய்க்கொண்டிருந்தது, மேலே பஸ் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது, அவனுக்கு இரண்டும் கேட்கவில்லை. எட்டுப் பாட்டு முடிந்தும் கழற்ற மனமில்லை. மணி ஒன்று ஐம்பது. தோளைத் தட்டி, இது கலியாண வீட்டுக்குப் போகிற சாமான் என்றேன். யாருக்குக் கலியாணம் என்றான். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: என் மகனுக்கு. அவன் ஹெட்போனைக் கழற்றித் தந்து, என்னை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்: "மகனுடைய கலியாணத்துக்கு இப்படி எண்ணெய்க் கறைச் சாரத்தைக் கட்டிக்கொண்டு போகிற தகப்பனை நான் கண்டதில்லை. ஓடுங்கள், நேரமாகிறது."

இரண்டரை மணி

மேல்மாடியில் குத்துவிளக்கு எரிந்தது. சேர் பட்டு வேட்டியும் சால்வையும். டீச்சர் தன் கலியாணத்துக் கூறைச் சேலை. மண்டபத்தில் இருக்கவேண்டிய கோலத்திலேயே இருவரும் மேசைக்கு முன்னால் இருந்தார்கள். ஒரு தட்டில் மஞ்சள் அரிசி. யன்னலுக்கு வெளியே ஆறு. நான் லெப்டொப்பை வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டினேன். மணி இரண்டு பதினேழு. திரையில் லண்டன் வந்தது: மணவறை, தலைப்பாகையோடு குகன், புகைக்குள் ஐயர். டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஒன்றும் இல்லை.

சேர் லெப்டொப்பில் சத்தம் கூட்டுகிற கட்டையை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். வெளிச்சத்தில் போகிற சத்தத்தை அந்தக் கட்டையால் கூட்ட முடியாது. அவருடைய விரலுக்கு அது விளங்கவில்லை. நான் பேனைக்குழாயை முறுக்கினேன், இழுத்தேன், ஊதினேன். வட்ட முனையில் சிவப்பு இருக்கிறது. நாரில் முறிவு இல்லை. "பாலத்தடியில வேலை செய்ததா நானா?" "செஞ்சது சேர். அந்தப் பிள்ளை கண்ண மூடிக் கேட்டான்." "பிறகேன்?" மணி இரண்டு இருபத்தைந்து. டீச்சர் எழும்பி, பீடத்தைத் திருப்பி, சதுர முனையைப் பிடுங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். "இதென்ன, நுனியில நகம் மாதிரி ஒண்டு?" கேபிளின் முனையில் தூசி படாமல் இருக்கக் கண்ணாடி நிறத்தில் ஒரு குட்டி மூடி வரும்; அது இருந்தால் முனை முழுக்க உள்ளே இறங்காது. பாலத்தடியில் கழற்றியதை, நான் என்கிற தொழில் தெரிந்த கழுதை, பத்திரமாகத் திரும்பப் போட்டுக் கொண்டுவந்திருந்தது. டீச்சர் அதை நகத்தால் தட்டிவிட்டுக் குத்தினார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். "அம்மா எண்டு கூப்பிடுறான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். லெப்டொப் ஊமை, ஹெட்போன் ஒன்று, காது கேட்கிற நாங்கள் இருவரும் மீன்தொட்டியைப் பார்க்கிற மாதிரி லண்டனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்பதையெல்லாம் டீச்சர் எங்களுக்குச் சொன்னார். ஐயர் மந்திரம் சொல்கிறார். யாரோ இருமுகிறார்கள். ஒரு குழந்தை தண்ணீர் கேட்கிறது. நாதஸ்வரம் வந்தபோது சொல்வதை விட்டுவிட்டு, வாயை மூடியபடி முனக ஆரம்பித்தார். சேர் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்க்கவேயில்லை.

திடீரென முனகல் நின்றது. "மேளம் நிண்டிட்டுது." சேர் என் கையைப் பிடித்தார். "வயர் அறுந்துபோச்சோ?" பார்த்தேன், சிவப்பு இருந்தது. "வயர் சரியப்பா. அங்கதான் நிண்டது. இசைத்தட்டு சிக்கிப்போச்சாம், ஆரோ ஏசுகினம்" என்றார் டீச்சர். திரையில் குகன் தாலியைக் கையில் ஏந்தியபடி நின்றான். ஐயர் அங்குமிங்கும் பார்த்துக் கையை ஆட்டினார். முகூர்த்தம் கடந்துகொண்டிருந்தது. டீச்சர் இரண்டு கையாலும் மேசையில் அடித்துப் பாட ஆரம்பித்தார். தவிலும் அவரே, நாதஸ்வரமும் அவரே. தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்குத் தெரியாது. ஈர்க்கு லெப்டொப்பின் வாயைத்தான் அடைத்திருந்தது, காதை அல்ல; மைக் உயிரோடுதான் இருந்தது. அங்கே ஒரு சினேகிதன் கொம்பியூட்டரை மண்டபத்து ஸ்பீக்கரோடு பூட்டியிருந்தானாம். அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. குகன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாலியைக் கட்டினான். மகாவலி அந்த ஒரு நிமிடம் ஓடாமல் நின்றது. நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். வேண்டுமானால் அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர் அரிசித் தட்டை அப்படியே திரையில் கவிழ்த்துவிட்டு, எழும்பி நின்று, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு பெருஞ்சத்தமாக அழுதார். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதார். டீச்சர் மேசையில் அடிப்பதை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றாமலே திரும்பிப் பார்த்தார். "ஏனப்பா தோள் குலுங்குது? அழுறியளோ? அங்க ஒரே சிரிப்பா இருக்கு, எனக்கு உங்கட சத்தம் கேக்கேல்லை."

சாமானைத் திருத்திக் கொடுத்து ஏச்சு வாங்கியவர்கள் நம் தொழிலில் ஆயிரம் பேர் இருக்கலாம் நண்பர்களே, ஆனால் கடைசிவரை திருத்தாமல் விட்டதற்காக மாப்பிள்ளை வீட்டாரோடு சரிசமனாகக் கதிரையில் இருத்தி வடை பாயாசத்தோடு சோறு போடப்பட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான்.